கடலின் சுண்ணாம்பைக் குடித்த சங்கு

எங்கள் படகில், கடலடியில் மூச்சுவிடும் காற்றுக் குழாய் நாலுதான். சங்கு குளிக்க இறங்கும் நாலு பேருக்கு ஆளுக்கொன்று. சொல்லாமல் ரெண்டு நாள் வராதவன் குழாய் அடுத்தவனுக்குப் போய்விடும். படகுக்காரி அமலோற்பவம் அக்கா வைத்த சட்டம் அது. திங்களும் செவ்வாயும் ஆளைக் காணாமல் புதன் காலையில் கஸ்பார் கரைக்கு வந்தபோது, அவன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சில்வெஸ்தர் என்கிற புது ஆள் நின்றான். கஸ்பாருக்கு முகம் செத்துப்போனது. வாய் மட்டும் சாகவில்லை.

"விருந்துக்கா போனேன்? நமக்காகப் புதுசா சங்கு கெடக்குற எடம் தேடித்தான் போனேங்க்கா" என்று ஆரம்பித்தான்.

கடலடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு சங்கைப் பார்த்தானாம். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை உறிஞ்சித்தான் சங்கு ஓடு கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிப் பூசி வளர்க்கும். அது எங்களுக்கும் தெரியும். அதற்கு வருஷக்கணக்காகுமே என்றேன் நான்.

"அது ஒம்மப்போல சோம்பேறிச் சங்குக்குவே. இது அவசரக்காரச் சங்கு."

கண் மூடித் திறப்பதற்குள் குடம் அளவாம். அடுத்தது மாட்டுவண்டி அளவாம். அது உறிஞ்சிய வேகத்தில் அந்தப் பக்கத்துக் கடலிலேயே சுண்ணாம்பு தீர்ந்துபோய், பழைய ஓட்டைக் கழற்றிய நண்டுகள் புது ஓடு கட்ட வழியில்லாமல் வெட்கப்பட்டுப் பாறைக்கடியில் ஒளிந்துகொண்டனவாம்.

"நேத்து மீன் தின்னவங்க யாருக்காவது தொண்டையில முள்ளு குத்துச்சா? சொல்லுங்க பாப்போம். மீனுக்கெல்லாம் முள்ளு நூலாப் போச்சுவே."

எங்களில் யாருக்கும் குத்தியிருக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

கடலில் தீர்ந்ததும் சங்கு இவன் பக்கம் திரும்பியதாம். எலும்பிலிருந்து இழுக்கத் தொடங்கியதும் முழங்கால் ரெண்டும் மாவாய்க் குழைந்துவிட்டதாம். மடியிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை வீசினானாம். அந்த ருசியில் அது இவனையும் உள்ளே வைத்தே ஓட்டைக் கட்டிவிட்டது. நுனி தண்ணீருக்கு மேலே வந்துவிட, கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் வழி திருப்பின. அந்த உச்சியிலிருந்து உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி இறங்கி வெளியே வர ரெண்டு நாள் ஆயிற்றாம்.

சில்வெஸ்தர், பாவம், நம்பிவிட்டான் போலிருக்கிறது. குழாயைத் தோளிலிருந்து இறக்கினான். கஸ்பார் கையை நீட்டினான்.

"ரெண்டு நாளும் தண்ணிக்குள்ள மூச்சுக்கு என்ன செஞ்ச?" என்று அக்கா கேட்டாள்.

"மூச்சா? ஞாயித்துக்கெழம இழுத்த ஒரே மூச்சுதாங்க்கா. பாதி இன்னும் மிச்சமிருக்கு."

அக்கா தலையாட்டினாள்.

"அப்ப ஒனக்குப் படகுல எடம் உண்டு கஸ்பாரு, ஏறு. குழாய் சில்வெஸ்தர்கிட்டயே இருக்கட்டும்."