பள்ளத் தெருவில் தங்கிய விருந்தாளி

முன்னொரு காலத்தில் பொழிலூரைக் கொற்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அன்று அவர் சபையில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். ராஜா ஒருவர். கால்வாய் அதிகாரி மார்த்தாண்டர் ஒருவர். சாமரம் வீசுகிறவர் இருவர், காவலர் ஆறு பேர், ராஜா சிரித்தால் சிரிக்கிறவர்கள் எட்டுப் பேர். மிச்சம் பதின்மூன்று பேரும் பள்ளத் தெருக்காரர்கள். அவர்கள் மட்டும் முழங்கால் வரை நனைந்திருந்தார்கள்.

"மூணு தடவை மனு கொடுத்தோம். அந்த அதிகாரி எட்டிப் பார்த்தாரா?" என்றார் தெருக்காரர் ஒருவர்.

"பார்த்தாரே, பல்லக்கில இருந்து! கால் நனையக் கூடாதாம்."

உப்பு விற்கும் பேச்சியம்மையும் அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தி. மழை நின்று பன்னிரண்டு நாள். தண்ணீர் போகவில்லை. அடி ஊறி மண்சுவர்கள் தினமும் விழுந்துகொண்டிருந்தன. அவள் வீட்டுச் சுவரும் இன்றோ நாளையோ.

"என்னய்யா, தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறதாமே?" என்றார் ராஜா.

மார்த்தாண்டர் வளைந்து கும்பிட்டார். "தேங்கவில்லை மகாராஜா. சற்றே தங்கியிருக்கிறது. தானாகப் போய்விடும்."

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். பேச்சியம்மை எழுந்தாள்.

"ஐயா, தேங்கியிருக்கா, தங்கியிருக்கா? இன்னொரு தடவை சொல்லுங்க."

"காது கேட்காதா உப்புக்காரி? தங்கியிருக்கிறது!"

"அப்ப சரி மகாராசா. வெளியூரிலிருந்து வந்து மூணு நாளுக்கு மேல தங்குற விருந்தாளியை அதிகாரி தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் உபசரிக்கணும்னு போன வருசம் நீங்க சட்டம் போட்டீங்க. மலையிலிருந்து வந்த இந்த விருந்தாளி பன்னிரண்டு நாளா எங்க அடுப்பில உட்கார்ந்திருக்கு. ஐயா வீட்டு மதில் வரைக்கும் போய் நிக்குது. அவர்தான் உள்ளே விடலை."

"எந்த மதில்?"

"ஆத்துக்குப் போற கால்வாய்க்குக் குறுக்கே, ஐயா பூந்தோட்டத்துக்குக் கட்டின மதில்."

ராஜாவின் முகம் மாறியது. சட்டம் அவருடையது, அதில் அவருக்குத் தனிப் பெருமை. "மார்த்தாண்டரே, விருந்தாளியை வாசலில் நிறுத்துவதா? இடியுங்கள் மதிலை!"

"ஐயோ மகாராஜா, என் வீடே மூழ்கிவிடும்!"

"எதில ஐயா?" என்றாள் பேச்சியம்மை. "தேங்காத தண்ணியிலயா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். பள்ளத் தெருக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை.

மதில் இடிந்தபோது மார்த்தாண்டர் ஆரத்தித் தட்டுடன் தம் வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நின்றார். தண்ணீர் முதலில் தட்டைக் கொண்டுபோனது. பிறகு அவர் செருப்பை. அதன் பிறகு தோட்டத்தின் மல்லிகைப் பந்தலை. இடுப்பளவு தண்ணீரில் அவர் கத்தியது கோட்டை வரை கேட்டது.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "உன் புத்திக்குப் பரிசு."

பேச்சியம்மை கை நீட்டவில்லை. "மதிலை இடிக்க அரை நாள்கூட ஆகலை மகாராசா. முதல் மனுவிலயே இடிச்சிருந்தா இந்தப் புத்திக்கு வேலையே இல்லை."

சபையில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. ராஜாவும் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவள் தெருவுக்குத் திரும்பியபோது தண்ணீர் வடிந்திருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சேற்றில் நடந்து எண்ணினாள். பள்ளத் தெருவில் இருந்தவை நாற்பத்தாறு வீடுகள். நின்றவை இருபத்தொன்பது.