நேத்து மீனைவிட இன்னைக்கு மீன் பெருசு

முன்னொரு காலத்துல, குதிரையில ஏறினா மூணே நாள்ல சுத்தி முடிச்சிடலாம்ங்கிற அளவுக்கு ஒரு நாடு இருந்துச்சு. அதுக்கு ஒரு ராஜா, வில்லவராயர்னு பேரு. சண்டை கிடையாது, பஞ்சம் கிடையாது, அதனால அவருக்குப் பொழுதும் போகாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் தூண்டில்.

அரண்மனை நந்தவனத்துல ஒரு குளம். குளம்னதும் கடல் மாதிரி நினைச்சிடாதீங்க. நாலு யானை இறங்கினா அஞ்சாவது யானை கரையில நின்னு வேடிக்கைதான் பாக்கணும், அவ்ளோதான். உள்ள பூரா விரால் மீனு. சாயங்காலம் ஆனா போதும், ராஜா கிரீடத்தைக் கழட்டி வெச்சிட்டு, முள்ளுல ஒரு தவளையை மாட்டி, படிக்கட்டுல உக்காந்துடுவாரு.

மாட்டும். மாட்டாம இல்ல. ஆனா மாட்டுறது எல்லாமே ஒரு சாண். இன்னைக்கு ஒரு சாண், நாளைக்கு ஒரு சாண், பத்து வருஷமா ஒரு சாண். ராஜாவுக்கு இளகின மனசு. "பாவம், சின்ன மீன். வளரட்டும்"னு திரும்ப விட்டுடுவாரு. அதோட விட்டாரா? இந்தக் குளத்து மீனை யாரும் வெளிய எடுக்கவே கூடாதுன்னு சட்டமும் போட்டுட்டாரு.

ஒரு ஆடிப்பெருக்கு அன்னைக்கு மறுபடியும் அதே ஒரு சாண். ராஜா தூண்டிலைத் தூக்கி எறிஞ்சுட்டு நேரா சபைக்கு வந்துட்டாரு.

"இதே குளத்தில், என் கைக்கு ஒரு முழம் நீளத்துக்கு ஒரு விரால் வேண்டும். பிடித்துத் தருபவர் யார்?"

சபையில எல்லாரும் அவங்கவங்க கால் விரலைப் பாத்தாங்க. ஒருத்தன் மட்டும் சிரிச்சான். அவன் பேரு அலங்காரம். பேருதான் அலங்காரம், ஆளு தலை சீவியே யாரும் பாத்ததில்ல. ராஜாவை சிரிக்க வெக்கிறதுதான் அவன் வேலை. ஆனா ராஜாவைவிட பெரிய தூண்டில் பைத்தியம் அவன்.

"குளத்தை என் பொறுப்பில் விட்டால் ஒரு வருடத்தில் முடியும் மகாராஜா."

இவ்ளோதான் சொன்னான். பெரிய மந்திரி, பிரதானி குணபூஷணத்துக்கு மெல்லுற வாய்க்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிடுச்சு. அந்தாளு பேருலதான் குணம். போன மாசம்தான் ராஜா தன் பக்கத்து ஆசனத்தை அலங்காரத்துக்குக் குடுத்திருந்தாரு, அதுலேர்ந்து பிரதானிக்கு சோறு இறங்கல.

"மகாராஜா, வெறும் வாய்ச்சொல்லை நம்பி ஒரு வருடம் காத்திருப்பதா? தினம் ஒரு மீன் பிடித்து, அந்திச் சங்கு ஊதும் முன் சபைக்குக் கொண்டுவரட்டும். ஒவ்வொரு நாள் மீனும் முந்தின நாள் மீனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அடுத்த ஆடிப்பெருக்கன்று தங்கள் கைக்கு ஒரு முழம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு குஞ்சைக்கூட இவன் குளத்தில் விடக் கூடாது. ஒரு நாள் தவறினாலும் குடும்பத்தோடு நாடு கடத்த வேண்டும்!"

ராஜா யோசிக்காம, "அப்படியே ஆகட்டும்"னுட்டாரு.

அலங்காரம் ஒண்ணே ஒண்ணு கேட்டான். "பிடித்த மீனைத் திரும்பக் குளத்தில் விட வேண்டுமா மகாராஜா?"

ராஜா வாயைத் திறக்குறதுக்குள்ள பிரதானி முந்திக்கிட்டாரு. "கூடாது! விட்ட மீனையே மறுபடி பிடித்து ஏமாற்றுவான். சபைக்கு வந்த மீன் குளத்துக்குப் போகக் கூடாது."

"உத்தரவு"ன்னு அலங்காரம் தரையோட தரையா குனிஞ்சான். மொகத்துல சிரிப்பு வந்துட்டா காட்டிக்கக் கூடாதுல்ல?

வீட்டுல அவன் பொண்டாட்டி மரிக்கொழுந்து தலையில கை வெச்சுட்டா.

"ஏங்க, வருஷம் பூரா நேத்தைவிட பெருசுன்னா, கடைசியில திமிங்கிலம்தான் வரணும். தெரிஞ்சுதான் தலையாட்டிட்டு வந்தீங்களா?"

"இந்தா, ஒரு பானை சோத்துக்கு நூறு பேரு பந்தியில உக்காந்தா எவனுக்கு வயிறு நெறையும்? அந்தக் குளத்துல அதான் நடக்குது. கூட்டத்தைக் கொறைச்சாதான் மிச்சம் இருக்குறவன் வளருவான். இத்தனை நாளா ஒண்ணைக்கூட வெளிய எடுக்க சட்டம் விடல. இப்ப சட்டமே தினம் ஒண்ணை எடுங்குது!"

"எடுப்பீங்க. அது நேத்தைவிட பெருசா இருக்கணுமே?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு."

"அப்போ நான் துணிமணியை மூட்டை கட்டவா, வேணாமா?"

"கட்டு. கட்டிட்டு அது மேலயே உக்காந்துக்க."

அவ நெஜமாவே கட்டிட்டா. வாசல் நடையில ஒரு மூட்டை.

மொத நாளு. ஊரே சபையில கூடிடுச்சு. அலங்காரம் உள்ளங்கையை விரிச்சான். விரலு நீளம் கூட இல்ல, துடிச்சிட்டு ஒரு பொடி மீனு.

"இது மீனா, புழுவா?"ன்னு ராஜாவுக்குக் கோவம்.

"நாளைய மீன் இன்றைய மீனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் தங்கள் கட்டளை மகாராஜா. இன்றைய மீன் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை."

சபை கொல்லுனு சிரிச்சுது. பிரதானிக்கு சுருக்குனுச்சு. எழுந்து நின்னு, "இவன் நாளைக்கு வேறொரு குஞ்சைக் காட்டி நேற்றைய மீன் என்பான். சபைக்கு வந்த மீன் என் காவலில் இருக்கட்டும். தினமும் அந்த மீனையும் இந்த மீனையும் தராசில் வைத்துப் பார்ப்போம்"னாரு. ராஜா அதுக்கும் சரின்னுட்டாரு.

பத்து நாளு ஓடுச்சு. தினம் ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம் கூட. பதினோராவது நாளு ஒரு சாண் வந்தாச்சு. பிரதானி கையைத் தேய்ச்சிக்கிட்டாரு. குளத்துல அதுக்கு மேல மீனே இல்லையே! பன்னண்டாவது நாளு அலங்காரம் கொண்டு வந்ததும் சரியா ஒரு சாண்.

"தராசைக் கொண்டுவாருங்கள்!"னு பிரதானி கத்தின கத்துல தூண்ல இருந்த புறா பறந்துடுச்சு.

ஒரு தட்டுல நேத்து மீனு, ஒரு தட்டுல இன்னைக்கு மீனு. இன்னைக்கு மீன் இருந்த தட்டு டொக்குனு கீழ இறங்குச்சு.

ஏன்னு கேளுங்க. பிரதானி மீனை வீட்டுக்குக் கொண்டு போனா நாத்தம் தாங்காதுன்னு அவரு வீட்டுக்காரம்மா மொத நாளே சண்டை போட்டுருச்சு. அதனால தினமும் கொடலை எடுத்து, உப்பு தடவி, மொட்டை மாடி வெயில்ல காயப் போட்டுருவாங்க. தராசுக்கு வந்தது மீன் இல்ல, கருவாடு. அலங்காரம் மொத ரெண்டு நாள்லயே அதைப் பாத்து வெச்சிருந்தான்.

"இது மோசடி! மீனும் கருவாடும் ஒன்றா?"

"மகாராஜா, நேற்றைய மீனைவிட இன்றைய மீன் பெரிதாக வேண்டும். இதுதான் நேற்றைய மீன். காவலில் வைத்திருந்தவர் பிரதானியார். உப்புத் தடவியதும் அவர் வீட்டுக் கைதான். அடியேன் தொடக்கூட இல்லை."

ராஜா உதட்டைக் கடிச்சு சிரிப்பை அடக்கிக்கிட்டு, செல்லும்னு சொல்லிட்டாரு. மறுநாள் பிரதானி ரோஷமா உப்பே போடாம ஒரு சட்டியில மூடி வெச்சு கொண்டாந்தாரு. ஆடி மாசத்துப் புழுக்கம். மூடியைத் திறந்ததும் ராஜா மூக்கைப் பொத்திக்கிட்டு, "இனிமேல் உப்புப் போட்டுக் காயவைக்காமல் ஒரு மீன் என் சபைக்குள் வரக் கூடாது!"ன்னு உத்தரவே போட்டாரு. முடிஞ்சுது கதை. அதுலேர்ந்து பிரதானி வீட்டுல தினம் கருவாட்டுக் குழம்புதான்.

ஆனா ஒண்ணு. அது ஒரு சாக்குதானே? ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஒரு முழத்துக்கு எந்தக் கருவாடும் உதவாது. அதனால அலங்காரம் அசரவே இல்ல. விடியறப்போ கரைக்குப் போயிடுவான். நல்லா தேறின மீன் மாட்டினா, முள்ளை நோகாம எடுத்துட்டு தண்ணியிலயே விட்டுடுவான். நோஞ்சானா ஒண்ணு மாட்டுற வரைக்கும் உக்காருவான். அம்பது நாளு. நூறு நாளு.

கார்த்திகை மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் உச்சி வேளையில மரிக்கொழுந்து முக்காட்டோட குளக்கரைக்கு ஓடி வந்தா.

"ஏங்க, பிரதானி வீட்டு மாடியில கருவாட்டை மழையிலயே போட்டு வெச்சிருக்காங்க! பஞ்சு மாதிரி ஊறி எடை ஏறிப் போய் கெடக்கு!"

அலங்காரத்துக்கு அன்னைக்குக் காய்ச்சல் வேற. பல்லு தந்தி அடிக்குது. குளிர்ல மீனு எதுவும் அசையல. "வீட்டுக்கு வாங்க, மூட்டை தயாராத்தான் இருக்கு, ஊரை விட்டே போயிடலாம்"னு அவ கையைப் புடிச்சு இழுத்தா. இவன் போகல. தவளையை மாத்தினான், இடத்தை மாத்தினான், தாமரைத் தண்டு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல போட்டுப் பாத்தான். சங்கு ஊதுறவன் மண்டபத்துல ஏறி நின்னுட்டான். அப்போ தூண்டில் வளைஞ்சுது. ஒண்ணே கால் சாண்! சங்கு ஊதுறதுக்குள்ள சபைக்கு ஓடினான், தராசுல ஊறின கருவாட்டை அது சுலபமா தூக்கிருச்சு. அலங்காரம் தராசைப் பாக்கவே இல்ல, மீனையேதான் பாத்தான். பத்து வருஷத்துல அந்தக் குளத்துல மொத தடவையா மீன் வளர்ந்திருக்கு!

இனிமே கூட்டம் பிரச்சனை இல்ல, தீனிதான் பிரச்சனை. விரால் நல்லா கொழுக்கணும்னா பொடி மீன் திங்கணும். ஆனா இவன் வெளியேர்ந்து எதையும் விடக் கூடாதே? பிரதானி காதுல விழுற மாதிரி, சபை வாசல்ல ஒரு காவல்காரன்கிட்ட பொலம்பினான்.

"அண்ணே, எதுக்கு வேணா பயப்பட மாட்டேன். குளத்துல கெண்டைப்பொடி மட்டும் சேர்ந்துடக் கூடாது. சேர்ந்தா இரையெல்லாம் அதுங்களே கொறிச்சிடும். அதோட என் கதை கந்தல்!"

மறுநாள் காலையில பிரதானியோட ஆளுங்க ஆறு கூடை கெண்டைப்பொடியைக் குளத்துல கொட்டிட்டு ஓடினாங்க. அடுத்த வாரம் பத்து கூடை. அலங்காரம் கரையில நின்னு மாருல அடிச்சுக்கிட்டான். "ஐயோ, போச்சே, போச்சே!" அவன் அழ அழ பிரதானிக்கு சந்தோசம் தாங்கல. தை, மாசி, பங்குனின்னு விடாம கொட்டினாரு.

ஆடிப்பெருக்கு வந்துச்சு.

ராஜாவுக்கு சபையில இருப்புக் கொள்ளல, குளக்கரைக்கே வந்துட்டாரு. பின்னாடியே மொத்த சபையும். அலங்காரத்துக்கு ஒரு விரால் மேல கண்ணு. தாமரை ஓரத்துல கட்டை மாதிரி கெடக்கும், அதைப் பெரியவர்னுதான் கூப்பிடுவான். தவளையைப் போட்டான். பெரியவர் திரும்பிக்கூட பாக்கல. மண்புழு. ம்ஹூம். எறா. ம்ஹூம். மாசக் கணக்கா பிரதானி போட்ட விருந்து, வயித்துல எடமே இல்ல!

வெயில் சாயுது. பிரதானி மெதுவா பக்கத்துல வந்து, "ஓய் அலங்காரம், எல்லை வரைக்கும் போக மாட்டு வண்டி சொல்லி வைத்திருக்கிறேன்"னாரு.

அலங்காரம் தண்ணியையே பாத்தான். பெரியவருக்குப் பக்கத்துல செவப்பா ஏதோ கொதிக்குது. குஞ்சுங்க! விரால் குஞ்சு செவப்பா கூட்டமா மேல வரும், அப்பனும் ஆத்தாளும் கீழ காவல் நிக்கும். பெரியவருக்குப் பசி இல்ல, சரி. கோவம் இருக்குமே?

தவளையைக் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவுல போட்டு இழுத்தான். ஒண்ணும் இல்ல. மறுபடியும். தண்ணி லேசா சுழிச்சுது. மூணாவது தடவை, கூட்டத்துல போட்டு, இழுக்காம அங்கயே நிறுத்திட்டான்.

குளம் வெடிச்சுது!

தூண்டில் மூங்கில் நாணல் மாதிரி வளைஞ்சுது. அலங்காரம் இடுப்பளவு தண்ணியில இறங்கி, வழுக்கி, முழுகி, எழுந்து, கடைசியில மீனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே படியேறி வந்தான். தயாரா வெச்சிருந்த அண்டாத் தண்ணியில விட்டான். ராஜா சட்டைக் கையை மடக்கிட்டு தன் முழங்கையை மீனோட வால்ல வெச்சாரு. அவரு நடுவிரலுக்கு அப்புறமும் மீனோட தலை நாலு விரக்கடை நீண்டு இருந்துச்சு. அப்பதான் சங்கு ஊதுச்சு. கருவாட்டுத் தட்டோட நின்ன பிரதானியை யாரும் தராசுக்குக் கூப்பிடவே இல்ல.

"அடேய் அலங்காரம்! என்ன இரை போட்டுப் பிடித்தாய்?"

"இரைக்கு மசியவில்லை மகாராஜா, வயிறு நிறைந்திருந்தது. வயிறு நிறைந்தவர் எப்போது கடிப்பார் என்று யோசித்தேன். தமக்கு வேண்டியவர் பக்கத்தில் வேறொருவன் போய் உட்கார்ந்தால் கடிப்பார். இந்த வித்தையைத் தங்கள் சபையில்தான் கற்றேன்."

எல்லாரும் பிரதானியைத் திரும்பிப் பாத்தாங்க. பிரதானி அண்டாவைப் பாத்தாரு.

"சரி, இவ்வளவு பெரிதாக எப்படி வளர்ந்தது?"

"கூட்டத்தைக் குறைத்தது தங்கள் கட்டளை. தீனி போட்டது பிரதானியார், கூடை கூடையாக. தூண்டில் பிடித்தது மட்டும்தான் அடியேன்."

ராஜாவோட மொகம் மாறிடுச்சு. "அப்படியானால், வளரட்டும் வளரட்டும் என்று பத்து வருடமாக இவற்றை வளரவிடாமல் செய்தவன் நானா?"

இப்போ தப்பா ஒரு வார்த்தை விழுந்தா ஜெயிச்சதெல்லாம் போச்சு.

"தாங்கள் இல்லை மகாராஜா. தங்கள் கருணை. அதற்கும் கொஞ்சம் உப்புப் போட்டுக் காயவைத்திருக்க வேண்டும்."

ராஜா சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க! படியில உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. கழுத்துல இருந்த முத்து மாலையைக் கழட்டி, ஈரத்தோட நின்னவனுக்குப் போட்டாரு. "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"ஒரு சாண் மீனையெல்லாம் ஊர்ச்சனம் பிடித்துப் போகட்டும். இந்தப் பெரியவரை மட்டும் திரும்ப விட்டுவிடலாம் மகாராஜா. குஞ்சுகள் தனியாக இருக்கின்றன."

பிரதானிக்கு வாய் சும்மா இருக்குமா? "சபைக்கு வந்த மீன் குளத்துக்குப் போகக் கூடாது! அதுதான் சட்டம்!"

"சட்டம் போட்டவன் நான், நானே எடுத்துவிட்டேன்"னாரு ராஜா. "உமக்கு வேறு ஒரு சட்டம் போடுகிறேன். வாரம் ஆறு கூடை கெண்டைப்பொடி, உம் செலவில். நன்றாகப் பழகிவிட்டீர், விட்டுவிடாதீர்!"

அண்டாவைச் சாய்ச்சாங்க. பெரியவர் ஒரு தடவை வாலை அடிச்சு ராஜா மேல தண்ணியைத் தெறிச்சுட்டு, செவப்புக் கூட்டத்துக்கு அடியில போய் நின்னுக்கிட்டாரு. ராஜா மொகத்தைத் தொடைக்கக்கூட இல்ல, கையால துழாவித் தூண்டிலைத் தேடினாரு.

அலங்காரம் முத்து மாலையும் சேறுமா வீட்டுக்கு வந்தான். மரிக்கொழுந்து மேலயும் கீழயும் பாத்தா. ஒரு வருஷமா நடையில கெடந்த மூட்டையை அவுத்து, உள்ளேர்ந்து காஞ்ச வேட்டி ஒண்ணை எடுத்து அவன் மேல வீசினா. ராஜாவுக்கு ஒரு முழ மீன் கெடச்சுது, குளத்துக்குப் பெரியவர் திரும்பக் கெடச்சாரு, ஊரை விட்டுப் போகாம அந்தக் காஞ்ச வேட்டியைச் சொந்த வீட்டுலயே கட்டிக்கிட்டான் பாருங்க, அதான் அலங்காரம் ஜெயிச்சது.