மணியில் செருகிய புத்தகம்

கடற்கரை நகரம் ஒன்றில் இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்று இருந்தது. அதன் முதலாளி கிளெமென்ட் ராயன் ஒருமுறை தன் அறைக்குப் புதுப் புத்தகங்கள் வாங்கினார்.

எதையும் அவர் புரட்டிப் பார்த்து வாங்கவில்லை. வணிக இதழ் ஒன்று, இந்த ஆண்டு தொழிலதிபர்கள் தவறாமல் படிக்க வேண்டிய நூல்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து உதவியாளரிடம் நீட்டி, "இதுல இருக்கிற எல்லாத்தையும் வரவழைச்சிருங்க" என்றார். புத்தகங்கள் வந்தன. கீழே ஆலைக் கூடத்தைப் பார்த்திருக்கும் ஜன்னலை ஒட்டிய அலமாரியில் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தார்கள்.

அவற்றில் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதன் பெயர் 'பதில் சொல்லும் நிறுவனம்'. தொழில் நடத்துகிறவர்கள் தங்களால் விளையும் தீங்குக்கு எப்படிப் பொறுப்பேற்க வேண்டும் என்று அது விரிவாகப் பேசியது. அதன் பக்கத்தில் நின்ற மெல்லிய புத்தகத்துக்கு 'முன்வரிசைத் தலைவன்' என்று பெயர்.

"நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் பார். நம்மைப் படித்தவர் கையில் இவர்கள் பத்திரமாக இருப்பார்கள்" என்றது தடித்த புத்தகம்.

மெல்லிய புத்தகம் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தது. வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்ட பெண்கள் நீண்ட மேசைகளின் இருபுறமும் நின்று இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் படிப்பார் என்றா நினைக்கிறாய்?" என்று கேட்டது.

"படிக்காமலா வாங்குவார்?"

ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒரு பெரிய மணி சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. ஆலை முழுவதற்கும் அது ஒன்றுதான் அபாய மணி. புத்தகங்களின் பேச்சு அதற்குக் கேட்டது.

"நீங்கள் என்ன வேலை செய்வீர்கள்?" என்று மணி கேட்டது.

"தவறு நடக்கும் முன் எச்சரிப்போம்" என்றது தடித்த புத்தகம்.

"அப்படியானால் நாம் ஒரே வேலைக்காரர்கள்" என்று மணி மகிழ்ந்தது. "குளிர் அறைக்குப் போகும் குழாயில் அமோனியா என்ற நச்சு வாயு ஓடுகிறது. அது கசிந்தால் எனக்குத் தெரிந்துவிடும். உடனே அடிப்பேன். எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது ஒரே சொல்."

"எனக்கு ஒரு லட்சம் சொற்கள் தெரியும்" என்றது தடித்த புத்தகம். கர்வமாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல் கனிவாகவே சொன்னது.

அந்த வாரம் மணி அடிக்கடி அடித்தது. குழாயில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். வாடை அடங்கியதும் திரும்ப உள்ளே போனார்கள்.

மேற்பார்வையாளர் ஜெனோவா மாடியேறி முதலாளியிடம் வந்தாள்.

"சார், அந்த ஜாயின்ட மாத்தணும் சார். இன்னைக்கும் மணி அடிச்சிட்டு."

"மாத்தணும்னா பிளான்ட்ட நிறுத்தணும். நிறுத்தினா சரக்கு கெட்டுப்போகும். கன்டெய்னர் கெளம்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"பிள்ளைங்க பயப்படுதாவ சார்."

"நீதான சூப்பர்வைசர்? தைரியம் சொல்லு."

அவர் கணினிப் பக்கம் திரும்பிவிட்டதும் ஜெனோவா இறங்கிப் போனாள்.

தடித்த புத்தகம் பரபரத்தது. "இன்று என்னை எடுத்துவிடுவார். இதைப் பற்றித்தான் என் ஏழாம் அத்தியாயம் முழுக்கப் பேசுகிறது" என்றது.

முதலாளி அன்று எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. கன்டெய்னர் கிளம்பவிருந்த நாளில்தான் எடுத்தார்.

அன்று அந்த வணிக இதழிலிருந்து கோகுலன் என்ற நிருபர் கேமராவுடன் வந்திருந்தார். 'என்னை உருவாக்கிய புத்தகங்கள்' என்ற தலைப்பில் முதலாளியைப் பேச வைத்துப் படம்பிடிக்க வேண்டும். அலமாரி பின்னால் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். கிளெமென்ட் ராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். மணி அடித்தது.

கீழே பெண்கள் வெளியேறினார்கள். கோகுலன் கேமராவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வாடை குறைந்து பெண்கள் உள்ளே வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். மறுபடி மணி அடித்தது. பெண்கள் மறுபடியும் வெளியே போய்த் திரும்பி வந்தார்கள்.

"சார், இந்தச் சத்தம் பின்னால வந்தா வெட்டி எடுக்க முடியாது. ஏதாவது பண்ண முடியுமா?" என்றார் கோகுலன்.

முதலாளி எழுந்து ஜன்னலைத் திறந்தார். மணியின் சுத்தியலை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். அலமாரியிலிருந்து மெல்லிய புத்தகத்தை உருவிச் சுத்தியலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வைத்தார். அது நிற்காமல் நழுவியது. அதை மேசையில் போட்டுவிட்டுத் தடித்த புத்தகத்தை எடுத்தார். அது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. உள்ளங்கையால் ஒருமுறை தட்டி இறுக்கினார்.

"இப்ப ஓகேவா?"

"சூப்பர் சார்" என்று சிரித்தார் கோகுலன்.

ஜன்னல் மூடிக்கொண்டது. தன்னை ஒருவர் கையில் எடுத்த மகிழ்ச்சி புத்தகத்துக்கு இன்னும் அடங்கவில்லை. என்ன நடந்தது என்று புரிய அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணாடிக்கு அப்பால் முதலாளி பேசுவது மங்கலாகக் கேட்டது.

"தலைமைன்னா என்னன்னு கேட்டா, காது கொடுத்துக் கேக்கிறதுதான். கீழ இருக்கிறவங்க சொல்றத நாம கேக்கணும். இந்தப் புத்தகங்கள்லாம் எனக்கு அதத்தான் கத்துக்குடுத்துச்சு."

அப்போது மணி நடுங்கியது.

"விலகு" என்றது மணி.

"என்ன ஆயிற்று?"

"கசிகிறது. முன்னைவிட அதிகமாகக் கசிகிறது. விலகு, நான் அடிக்க வேண்டும்."

புத்தகம் அசைந்து பார்த்தது. முடியவில்லை. சுத்தியல் பின்னட்டையை அழுத்த, கிண்ணம் முன்னட்டையை அழுத்தியது. சுத்தியல் துடிக்கத் துடிக்கப் புத்தகம் இன்னும் உள்ளே இறங்கியது.

"எனக்குத் தெரியும். இப்படித்தான் நடக்கும் என்று என் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எச்சரிக்கையை ஒருவர் அடைத்துவிட்டால்..." என்று புத்தகம் தடுமாறியது.

"உன் அத்தியாயம் எனக்கு எதற்கு? என் நாக்கை விடு."

"என்னால் நகர முடியவில்லை."

"அவர்கள் என்னைத்தான் நம்பி இருக்கிறார்கள்" என்றது மணி.

கீழே பெண்களின் கண்கள் எரியத் தொடங்கின. ஒருத்தி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். சலேத்தம்மாள் என்று ஒருத்தி, உரித்த இறாலைத் தட்டுகளில் அடுக்கிக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறவள். எல்லோருக்கும் மூத்தவள். அவள் தலையைத் தூக்கி மணியைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். அவ்வளவு உயரத்தில் அதில் புத்தகம் செருகியிருப்பது தெரியவில்லை. ஆனால் சத்தம் இல்லை.

"மணி அடிக்கலியேட்டி. ஒண்ணுமில்ல, பழைய வாடதான். இந்தத் தட்ட வச்சிட்டு வாரேன்" என்றாள்.

குளிர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

புத்தகம் அதைப் பார்த்தது. அந்தப் பெண் தன் பக்கமே பார்த்து, தன்னால் வந்த மௌனத்தை நம்பி உள்ளே போனதைப் பார்த்தது. அதற்குத் தெரிந்த ஒரு லட்சம் சொற்களில் ஒன்றையும் அவளிடம் சொல்ல முடியவில்லை.

இணைப்பு பிடுங்கிக்கொண்டது. குளிர் அறையிலிருந்து அமோனியா வெள்ளையாகப் பொங்கி வந்து தரையெல்லாம் பரவியது. பெண்கள் மேசைகளில் மோதிக்கொண்டு ஓடினார்கள். பின்கட்டில் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஜெனோவா ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு, மணி ஏன் அடிக்கவில்லை என்று பார்க்க மாடிப்படி ஏறினாள். முதலாளியின் அறைக்கதவு திறந்து கிடந்தது. கிளெமென்ட் ராயனும் கோகுலனும் பின்பக்கப் படி வழியாக ஏற்கெனவே இறங்கிப் போயிருந்தார்கள்.

ஜெனோவா ஜன்னலைத் திறந்து புத்தகத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். புத்தகம் பிய்த்துக்கொண்டு வந்தது. மணி அடித்தது. பின்கட்டில் இருந்தவர்கள் அதைக் கேட்டுத்தான் தப்பினார்கள்.

இரண்டு பெண்களுக்குப் பார்வை போயிற்று. சலேத்தம்மாள் குளிர் அறைக்குள்ளேயே கிடந்தாள். அவளை வெளியே தூக்கி வந்தபோது தட்டைப் பிடித்த கையை விரிக்க முடியவில்லை.

விசாரணை முதலாளியின் அறையிலேயே நடந்தது. அதிகாரியின் முன்னால் மேசைமேல் தடித்த புத்தகம் கிடந்தது. அட்டையில் சுத்தியல் பதிந்த குழி இருந்தது.

"நான்தான் சார் அத உருவுனேன்" என்றாள் ஜெனோவா.

"யார் வச்சதுன்னு பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது இவுஹ ரெண்டு பேருதான்."

அதிகாரி கோகுலனைப் பார்த்தார். கோகுலன் தன் கேமராவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் வேலைல கவனமா இருந்தேன் சார். எதையும் பாக்கல" என்றார்.

முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க குடும்பத்துல ஒருத்தரை இழந்துட்டோம்" என்றார். அதற்கு மேல் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

முடிவு வந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்த புத்தகம், திறந்திருந்த ஜன்னல் வழியே தவறி விழுந்து மணியில் சிக்கியிருக்கிறது. மனிதத் தவறு எதுவும் இல்லை.

புத்தகத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நானா?" என்று மணியைக் கேட்டது.

"உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லையாம்."

ஜெனோவா வேலையை விட்டாள். சலேத்தம்மாளின் கணவரோடு நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்டாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

அலமாரியில் ஓர் இடம் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, உதவியாளர் தடித்த புத்தகத்தைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். குழி விழுந்த அட்டை பக்கத்துப் புத்தகத்தை ஒட்டி மறையும்படி வைத்தார். அதற்குப் பிறகு அது யாரிடமும் பேசவில்லை.

ஆண்டு திரும்பியது. வணிக இதழ் மறுபடியும், படிக்க வேண்டிய புதிய நூல்கள் என்று ஒரு பக்கம் போட்டது. அதில் முதலிடம் பெற்ற புத்தகம் கட்டுக்கட்டாக அந்த அறைக்கே வந்து இறங்கியது. 'விபத்து என்னைச் செதுக்கியது' என்பது அதன் பெயர். எழுதியவர் கிளெமென்ட் ராயன். அட்டையில் அவர் கைகட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு பிரதியை எடுத்துத் தடித்த புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார்கள்.

"வணக்கம்" என்றது புதுப் புத்தகம். மை வாசனை இன்னும் போகவில்லை. "நீங்கள்தானா அது? உங்களைப் பற்றி என்னிடம் ஒரு பக்கம் இருக்கிறது. அந்த இருண்ட நாளைத் தாண்டி ஒரு தலைவன் எப்படி எழுந்து நின்றான், எப்படி வாடிக்கையாளர்களைத் தக்கவைத்தான், எல்லாம் இருக்கிறது. படித்தவர்கள் கண்கலங்குகிறார்களாம்."

ஓர் ஆண்டு கழித்துத் தடித்த புத்தகம் வாய் திறந்தது.

"சலேத்தம்மாளைப் பற்றி என்ன இருக்கிறது?"

புதுப் புத்தகம் யோசித்தது. தன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, நன்றி சொல்லியிருந்த பெயர்கள் உட்பட, எல்லாவற்றையும் ஒருமுறை தேடிப் பார்த்தது. பிறகு உண்மையாகவே தெரியாமல் கேட்டது.

"அது யார்?"