காண்ட்ராக்டர் கை வைத்த ரெகுலேட்டர்

"ஃபேனுக்கெல்லாம் போட்டது அத்தனையும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்! பழைய கம்பிச்சுருள் மாதிரி சூடே ஆகாது" என்று விடுதி வார்டனிடம் முழங்கினார் காண்ட்ராக்டர் சபாரத்தினம்.

"உள்ளே பழைய சுருள்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டான் காண்ட்ராக்டரின் ஒயர்மேன் அந்தோணி.

"பெட்டி மேல இருக்கிற கம்பெனி சீலை உடைக்காம நிரூபி. இல்லேன்னா இன்னியோட உனக்கு வேலை கிடையாது!" என்றார் காண்ட்ராக்டர்.

வார்டனும் தலையாட்டினார்.

அந்தோணி ஃபேனை, சுருளில் சூடு அதிகம் ஏறும் ஒன்றாம் நம்பரில் வைத்தான். "ஐயா, கால்மணி நேரம் இந்த ரெகுலேட்டர் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு நில்லுங்க."

வார்டன் பார்த்துக்கொண்டிருந்ததால் காண்ட்ராக்டர் மறுக்க முடியாமல் கையை வைத்தார். பத்து நிமிடமாயிற்று, அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தோணி கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சிரிப்பு கோணியது, "ஆ!" என்று கையை உதறினார்.

"சீல் அப்படியேதான் இருக்குங்க ஐயா. கைக்குத் தேங்காயெண்ணெய் கொண்டாரட்டுமா?"