கழுவிக் கவிழ்த்த கலயம்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. உலகம்மாள் டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிற ஒருவர் சொன்னார். அவருக்கும் பாதி கேள்விப்பட்டதுதான். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

*

"டீச்சர், நான் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்கவே கூடாது."

சொன்னவர் அணைஞ்சபெருமாள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் உலகம்மாள் டீச்சர். தென்காசிக்குப் பக்கத்தில், ஓர் அரிசி ஆலையின் மாடியில், கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவர். வயது நாற்பதுதான் இருக்கும். மாணவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை டீச்சர் என்பார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி என்பார்.

டீச்சர் அப்போது வீட்டு அடுக்களையில் பொருவிளங்காய் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். வறுத்த பயற்று மாவில் சூடான கருப்பட்டிப் பாகை ஊற்றி, அது ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் கல். அதனால் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன்?" என்றார்.

அணைஞ்சபெருமாள் சொல்லத் தொடங்கினார்.

அவர் எழுதியது அந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிற கதை. வருஷா வருஷம் உடைகிற குளத்துக்கரை. கரையைக் காக்க மடைக்குள் இறங்கிப் போன வடிவு என்கிற பெண். அவள் இறங்கியபின் கரை உடைந்ததே இல்லை. கதை அவ்வளவுதான். இவர் அந்தக் குளத்துக்குக் கீழே ஒரு நாடு கட்டினார். சேற்றில் அரண்மனை வைத்தார். பேசுகிற முதலையை மந்திரியாக்கினார். வடிவை அங்கே ராணியாக்கி ஒரு போரும் நடத்திவைத்தார்.

புத்தகம் விற்றது. அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

முதல் நூறு பக்கம் நகரவே இல்லை என்றார் ஒரு வாசகர். அந்த நூறு பக்கம்தான் நாவல், மீதி வெறும் முதலை என்றார் இன்னொருவர். முதலை ஏன் பேசுகிறது என்று ஒருவர் கேட்டார். முதலையை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம் என்று ஒருவர் வருத்தப்பட்டார். நாங்கள் தெய்வமாகக் கும்பிடுகிற வடிவை எப்படிச் சிரிக்கவைக்கலாம் என்று ஓர் ஊரிலிருந்து போன் வந்தது. அதே ஊரிலிருந்து இன்னொருவர், அம்மா அந்தப் புத்தகத்தைச் சாமி அலமாரியில் வைத்து விளக்கேற்றுகிறாள், படிக்கக் கிடைக்கவில்லை, இன்னொரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"உங்களுக்குத் திட்டு புதுசா அண்ணாச்சி? கரண்ட் போனா ஊரே உங்களைத்தான திட்டும்."

"அப்பம் தூங்குனேன் டீச்சர். கம்பி அறுந்தா அறுந்ததுதான். ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்ல முடியாதுல்லா. இது அப்படி இல்லை. இவங்க சொன்னதும் சரியாத்தான் இருக்கு, அவங்க சொன்னதும் சரியாத்தான் இருக்கு. நான் எங்கதான் தப்புப் பண்ணினேன்னு தெரியலை."

டீச்சர் இன்னொரு உருண்டையைத் தட்டில் வைத்தார்.

பெரிய சண்டை முடிவைப் பற்றித்தான். நாவலில் வடிவு திரும்புவதில்லை. அவளைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று பாதிப் பேர் கேட்டார்கள். கொண்டுவந்தால் இனி உங்களைப் படிக்கமாட்டோம் என்றார்கள் மீதிப் பேர். பதிப்பாளர் முதல் பாதியின் பக்கம். இரண்டாம் பதிப்பு மறுநாள் காலையில் அச்சுக்குப் போகிறது. முடிவை மாற்றி அனுப்புங்கள், இன்று இரவுக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அணைஞ்சபெருமாள் தோள்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார்.

"நாலு முடிவு எழுதிட்டேன். எதை அனுப்பட்டும்னு நீங்கதான் சொல்லணும்."

டீச்சர் பாகு ஒட்டிய விரல்களைக் காட்டினார்.

"அங்கன வச்சிருங்க. உருண்டையைப் பொட்டலம் கட்டத் தாள் தேடிட்டிருந்தேன்."

"டீச்சர், இது முடிவு."

"தாள் கெட்டியாத்தான் இருக்கு."

அணைஞ்சபெருமாள் தாள்களை மறுபடி பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

டீச்சர் சிரித்தார். கையைக் கழுவினார். உருண்டைகளை ஒரு தூக்குவாளியில் போட்டார்.

"கிளம்புங்க அண்ணாச்சி."

"எங்க?"

"உங்க புத்தகத்தைப் பத்திப் பேசுதாங்களாம்."

*

பக்கத்து ஊரில் முப்புடாதி என்பவர் தையல் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையில் வாசகர் வட்டம் கூடும். வட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரே பிரதிதான் வாங்குவார்கள். அது வீடு வீடாகச் சுற்றும். எல்லோரும் படித்து முடித்தபின் கூடிப் பேசுவார்கள். பேசுகிற அன்றைக்குப் புத்தகம் பெரும்பாலும் அங்கே இருக்காது. அன்றும் இல்லை. அது செங்கோட்டையில் முப்புடாதியின் மதினி வீட்டில் இருந்தது.

கடை வாசலில் டீச்சர் நின்றார். தூக்குவாளியிலிருந்து பெரிய உருண்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்தார்.

"வாயைத் திறங்க."

அணைஞ்சபெருமாள் திறந்தார்.

"கரையுற மட்டும் பேசக் கூடாது."

பொருவிளங்காயைக் கடித்தவர்கள் கிடையாது. ஒதுக்கிவைத்து ஊறவிட வேண்டியதுதான். ஒரு பக்கம் கன்னம் புடைக்க, அவர் உள்ளே போய்த் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தில் அவர் படம் கிடையாது. யாருக்கும் அவரைத் தெரியவில்லை. தெரிந்தவர்தான், கூட வந்திருக்கார் என்று மட்டும் டீச்சர் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிற ஆசீர் சார் ஆரம்பித்தார். அவருக்கு முதலைதான் உறுத்தல். முதலை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அடிக்கடி வெளியே போகிற மந்திரியை வைத்துக்கொண்டு ஒரு ராணி எப்படி நாட்டை ஆள முடியும் என்று கேட்டார்.

எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் நடக்கு என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

கல்லூரியில் படிக்கிற பர்வீன், முதலையை விடுங்கள், முடிவைப் பேசுவோம் என்றாள். வடிவு திரும்பாததுதான் அந்தப் புத்தகத்தின் அழகு என்பது அவள் கட்சி. திரும்பிவந்தால் அவள் போனதற்கு என்ன மதிப்பு? சினிமாவா இது?

அணைஞ்சபெருமாளுக்கு அவளிடம் நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. "ம்ம்" என்றார்.

ஆசீர் சார் மறுத்தார். அத்தனை பக்கம் படிக்கவைத்துவிட்டு வடிவின் தாயை அப்படியே கரையில் விட்டுப்போவது நியாயமா என்றார். அதுவும் அணைஞ்சபெருமாளுக்குச் சரியென்று பட்டது. "ம்ம்" என்றார்.

"சார் நம்ம கட்சி," என்றார் ஆசீர்.

"இல்ல, முதல்ல எனக்குத்தான் ம்ம் சொன்னாங்க," என்றாள் பர்வீன்.

இவ்வளவு நேரமும் முப்புடாதி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவ திரும்பி வந்துட்டாளே. நீங்க ரெண்டு பேரும் எந்தப் புத்தகத்தைப் படிச்சீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"கடைசியில அம்மைக்காரி கரையில ஒரு கலயம் கஞ்சி வச்சிட்டுப் போறால்லா? மறுநாள் காலையில வந்து பாக்கா. கலயம் கழுவிக் கவிழ்த்து வச்சிருக்கு."

அணைஞ்சபெருமாள் உருண்டையை விழுங்கப் பார்த்தார். விழுங்கக்கூடிய அளவில் இல்லை.

அவர் அப்படி எழுதவில்லை. தாய் கஞ்சியை வைக்கிறாள். வீட்டுக்கு நடக்கிறாள். நாவல் அங்கே முடிகிறது. மறுநாள் காலை என்று ஒன்று அந்தப் புத்தகத்திலேயே கிடையாது.

அவர் பையில் புத்தகத்தின் ஒரு பிரதி இருந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினால் போதும். பைக்குள் கையை விட்டார். விரலில் அட்டை பட்டது.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஆசீர் சார் சொன்னார். "ஆமா, கவிழ்ந்து கிடந்தது. ஞாபகம் இருக்கு. ஆனா அது காக்கா தட்டிவிட்டது."

அணைஞ்சபெருமாளின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"காக்கா கவிழ்க்கும் சார்," என்றார் முப்புடாதி. "கழுவுமா?"



பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்களே, சாப்பிட்ட ஏனத்தைக் கழுவிக் கவிழ்க்காமல் வடிவு எழுந்ததே இல்லை என்று. வேறு யார் செய்திருப்பார்கள்? அதைப் பார்த்துத்தானே அம்மைக்காரி அன்றைக்கு முதல்முதலாகச் சிரிக்கிறாள்.

அந்த ஒரு வரியை எழுதியது அணைஞ்சபெருமாளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாம் அத்தியாயம். அதை எழுதின நாளில் அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். அம்மைக்காரியின் சிரிப்பு அவர் எழுதியது இல்லை.

பர்வீனின் முகம் மாறியிருந்தது. வந்தவள் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டாள். குரல் சண்டைக்குரல் இல்லை.

"வீட்டுக்கு வந்தா அம்மை திருப்பி அனுப்புவாளா தாயி? கரையை யாரு பாப்பா?"

பர்வீன் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆசீர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் இருந்த அந்த ஆபீஸ்காரர், எனக்கென்னமோ அந்த முதலைதான் கழுவி வச்சிருக்கும்னு தோணுது என்றார். கடையே சிரித்தது. முதலைக்கு ஏது கை என்று ஆசீர் சார் மறுபடி கிளம்பினார்.

சண்டை முற்றியது. முடிவில் பர்வீன் அணைஞ்சபெருமாள் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க படிச்சிருக்கீங்கதான? நீங்களே சொல்லுங்க. கலயம் கழுவியிருந்துச்சா, இல்லையா?"



அணைஞ்சபெருமாள் நாக்கால் துழாவிப் பார்த்தார். உருண்டை கரைந்திருந்தது. வாய் முழுக்கக் கருப்பட்டி.

பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார். கையில் ஒன்றுமில்லை.

"கழுவித்தான் இருந்துச்சு," என்றார். "ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சாங்கிறதுலதான் எனக்குச் சந்தேகம்."



எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். ஈரம் என்றால் அவள் அப்போதுதான் போயிருக்கிறாள், அம்மை கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருப்பாள். காய்ந்திருந்தால் ராத்திரியே வந்து போய்விட்டாள். முப்புடாதி ஈரத்தின் கட்சி. ஆசீர் சார் ஆவியாதல் பற்றி ஆரம்பித்தார்.

கூட்டம் கலையும்போது முப்புடாதி தூக்குவாளியை எட்டிப் பார்த்தார். மதினி பிள்ளைகளுக்கு நாலு உருண்டை எடுத்துக்கலாமா, மடிக்க ஒரு தாள் இருந்தால் தேவலை என்றார்.

அணைஞ்சபெருமாள் பையிலிருந்து தாள்களை எடுத்தார். ஒவ்வொரு உருண்டையாக வைத்து, மடித்து, முனையைச் செருகிக் கொடுத்தார்.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அது எத்தனாவது முடிவு?"

"பாக்கலை டீச்சர்."

*

இதை எனக்குச் சொன்னவரோடு நான் சண்டை போட்டேன். அந்த நாவலை நான் முன்பே படித்திருக்கிறேன். கலயம் கழுவிக் கவிழ்த்திருக்கிற இடம் புத்தகத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒன்றைச் சொல்லிவிட்டால், அது சரிதானா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நூலகத்துக்குப் போனேன். இரண்டு பதிப்புகளும் இருந்தன. கடைசி அத்தியாயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அந்த ஒரு வரி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தாய் கஞ்சிக் கலயத்தை வைக்கிறாள், வீட்டுக்கு நடக்கிறாள். அதற்குப் பிறகு வெற்றுத் தாள்.

நான் படித்தபோது அந்தக் கலயம் ஈரமாக இருந்தது.