எருமை கொடுத்த உறைமோர்

மாடு பேச, மனிதன் பதில் சொன்ன அந்தக் காலத்தில் பால் உறையாது. பொழுது சாய்ந்தால் கெட்டுப்போகும், அவ்வளவுதான்.

காட்டோரத்தில் இரண்டே வீடு. ஒன்று சடையாண்டியுடையது, அடுத்தது அவர் தம்பி மாயழகுடையது. சடையாண்டியிடம் கொம்பி என்றொரு எருமை இருந்தது. அது காய்ச்சலில் விழுந்தபோது அவர் தவிடு கரைத்து ஊட்டிப் பிழைக்கவைத்தார். எழுந்து நின்ற அன்று கொம்பி பால்சட்டிக்குள் ஒரு மூச்சு விட்டது. விடிந்து பார்த்தால், சட்டியைச் சாய்த்தாலும் சிந்தாத கெட்டித் தயிர். புளிப்பே இல்லை.

"இதுல கொஞ்சம் எடுத்து வச்சு நாளைக்குப் பால்ல விடு. தீர்த்துடாதே. எனக்கு இன்னொரு தடவை வராது" என்றது கொம்பி.

மசக்கையில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மகள் பூவாயிக்கு மற்றதெல்லாம் குமட்டியது. தயிர்ச்சோறு மட்டும் வயிற்றில் தங்கியது.

ஒருநாள் மாயழகின் மனைவி வெதுவெதுப்பான பாலோடு வந்தாள். "மாமா, கொஞ்சம் உறைமோர் கொடுங்க."

சடையாண்டிக்குக் கொடுக்க மனமில்லை. தம்பி தன் மகள் கல்யாணத்துக்குப் பாக்கு வைத்து அழைக்காமல், வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனவன். அந்தப் பாக்கு இன்னும் அவர் தொண்டையிலேயே நின்றது. ஆனால் பொய் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. உள்ளே போய்ச் சட்டியில் வாய் வைத்து மொத்தத்தையும் குடித்துவிட்டு வந்தார்.

"இல்லை. நீயே பார்" என்று சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். விளிம்பில் தொங்கிய ஒரு சொட்டு அவள் பாலில் விழுந்தது. அவள் பாலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சடையாண்டி வீட்டுப் பால் உறையவில்லை. பூவாயி தண்ணீரைக்கூட வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தாள்.

"கொம்பி, இன்னொரு மூச்சு விடும்மா!"

"அதான் வராதுன்னேனே. சுவருக்கு அந்தப் பக்கம் தயிர் வாசம் வருது. போய்க் கேளு."

மகள் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தம்பி வாசலில் போய் நின்றார்.

"வாங்கண்ணே" என்ற மாயழகு முதலில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து நீட்டினான். பிறகு கிண்ணம் நிறையத் தயிரை வைத்தான். "பழசை மறந்துடுங்க."

"அதெல்லாம் மறக்கமாட்டேன்" என்றபடியே பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். தயிரைத் தொட்டு நாக்கில் வைத்தார். "என்னடா, புளிக்குது?"

"நீங்க வாய் வச்ச சட்டியில இருந்து வந்ததாச்சே, அண்ணே!"

பூவாயி அந்தத் தயிரில் பிசைந்த சோற்றைச் சாப்பிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான், பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் உறைமோர் கேட்டு வந்தவரை வெறுங்கிண்ணத்தோடு யாரும் அனுப்புவதில்லை. தயிரில் அந்தக் கொஞ்சப் புளிப்பும் இன்றுவரை போகவில்லை.