கால் தாங்கி நடப்பவர்

கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் காட்டிவரும் வேனில் அஞ்சுகம்தான் வழிகாட்டி. அன்று ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி தணிகாசலம் வந்திருந்தார். ஏழரைச் சனி பிடித்து ஆட்டுகிறதென்று திருநள்ளாற்றுக்காகவே புறப்பட்டவர்.

ஒவ்வொரு கோயிலிலும், உடன் வந்த வயதான பாக்கியம்மாள்தான் காலைத் தாங்கித் தாங்கிக் கடைசியாக வந்து ஏறினாள். எட்டாவது கோயிலில் தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. அஞ்சுகத்திடம் சீறினார்.

"திருநள்ளாற்றில் இந்தம்மா வேனிலேயே உட்காரட்டும். இல்லேன்னா உன் வேலைக்கே உலை வச்சிடுவேன்."

பாக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க ஐயா" என்றாள் அஞ்சுகம். "அப்போ வண்டியை ஊருக்கே திருப்பச் சொல்லிடறேன்."

"ஏன்?"

"சனி பகவானும் கால் தாங்கித்தானே நடப்பாரு. மெதுவா நடக்கிறவங்களைக் கண்டா உங்களுக்கு ஆகாது. அவர் முன்னால நின்னு என்னன்னு கேப்பீங்க?"

வேனே சிரித்தது.

திருநள்ளாற்றில் முதலில் இறங்கிய தணிகாசலம், திரும்பி நின்று பாக்கியம்மாளுக்குக் கையை நீட்டினார். ஆனாலும் பழக்கதோஷம், அவர் கால் முன்னால் ஓடியது. அவள் அந்தக் கையை மெல்லப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா வாங்க தம்பி. ஒரு ராசிக்கு வந்தா ரெண்டரை வருஷம் இருக்கிறவரு, நாம போறதுக்குள்ள எங்க போயிடப்போறாரு?"